வாய் வைக்காத செம்பு

எங்கள் வீட்டில் கொலைக்கு அடுத்தபடியான குற்றம் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பது. அம்மாவே போலீஸ், அம்மாவே நீதிபதி. உதடு பட்ட டம்ளர் மற்றப் பாத்திரங்களோடு சேரக் கூடாது. அது குழாயடியில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும், யார் வாய் வைத்தது என்று விசாரணை நடக்கும். எனக்கு நாலு வயதிலேயே அண்ணாந்து குடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் மூக்கிலும் கண்ணிலும் சட்டையிலுமாகத் தண்ணீர் குடித்த பிறகு தொண்டைக்கும் கொஞ்சம் போக ஆரம்பித்தது. அதற்கப்புறம் வாய் வைத்துக் குடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கே ஓர் இளக்காரம் வந்துவிட்டது. அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதில் நல்லதும் உண்டு என்று சொல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸில் யாரோ ஒருவர் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் முன்சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை போய்த் திரும்பி வரும். சாதி சனம் தெரியாதவர்கள் எல்லாம் அதில் குடிப்பார்கள். யாருக்கும் அருவருப்பு இருக்காது. யார் உதடும் அதில் பட்டிருக்காது என்பது ஊரறிந்த ஒப்பந்தம்.

அப்படி ஒரு பஸ்ஸில்தான் என் மாமா கண்டக்டராக இருந்தார். அம்மாவுக்கு அண்ணன். ஆலங்குளம் தாண்டி மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற ரோட்டில், ஒரு கையில் டிக்கெட் கட்டும் தோளில் பையுமாக, எதிலும் சாயாமல் நின்று இன்னொரு கையால் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடிப்பார். ஒரு சொட்டு சட்டையில் விழாது. கல்யாண வீடுகளில் சிறுவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு செம்பைக் கையில் கொடுப்பார்கள். கையை எட்டும் மட்டும் உயர்த்தி, நூல் பிடித்தாற்போலத் தண்ணீரை இறக்கி, முழுச் செம்பையும் மூச்சுவிடாமல் காலி செய்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல மீசையைத் தடவுவார். அத்தை இறந்துபோனாள், பிள்ளைகளும் இல்லை. ஆகவே மாமா எங்கள் வீட்டோடு வந்து இருந்தார். எனக்கு அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்ள ஏகப்பட்டது இருந்தது.

நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். வலக்கை விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் கோணியது, பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும் குரல் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். இதெல்லாம் போதாதென்று அவருக்கு விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு குழாயைச் செலுத்தி வயிற்றுக்குப் பால் ஊற்றினார்கள். மாமா அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததால் நல்ல கையைத் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். மனிதர் எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் குழாய்க்கு அழுதார்.

குழாயை எடுக்க வழி சொன்னது அங்கே பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் கொடுத்துவந்த ஓர் அக்கா. சின்னப் பெண்தான், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. அவள் முதலில் மாமாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. அப்பா, அம்மா, நான் மூவரையும் வரிசையாக உட்காரவைத்து, தொண்டை எலும்பின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கச் சொன்னாள். விழுங்கினோம். எலும்பு விரலைத் தள்ளிக்கொண்டு மேலே போய்க் கீழே இறங்கியது. அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு தரம் விழுங்கிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து விழுங்கிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அங்கே ஒன்று ஏறி இறங்குவது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் சொன்னதை இவ்வளவு வருஷம் கழித்தும் என்னால் சொல்ல முடியும். தொண்டைக்குள் இரண்டு வழி இருக்கிறது. முன்னால் இருப்பது மூச்சுக்கு, பின்னால் இருப்பது சாப்பாட்டுக்கு. சாப்பாடு முன்வழியைத் தாண்டித்தான் பின்வழிக்குப் போயாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலேறி நாக்குக்கு அடியில் ஒதுங்குகிறது, அதன் மேல் ஒரு மூடி சாய்கிறது, உள்ளே இன்னொரு கதவும் அடைத்துக்கொள்கிறது. வாய்க்குள் மெல்லுகிற மட்டும்தான் நம் இஷ்டம். நாக்கு பின்னால் தள்ளிவிட்ட பிறகு நடப்பதெல்லாம் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. மாமாவுக்கு அந்தக் கதவு அடைக்கிறது, ஆனால் தாமதமாக அடைக்கிறது.

"கெட்டியா உள்ளது மெதுவாத்தான் போகும். கதவு பிந்தினாலும் தப்பிச்சிரலாம். தண்ணி நிக்காது, ஓடிரும். அதனால இவங்களுக்குத் தண்ணிதான் பயம்" என்றாள்.

அம்மாவால் இதை நம்ப முடியவில்லை. சாகக் கிடக்கிறவர் வாயிலும் தண்ணீர் ஊற்றுகிற ஊர் இது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஒரு வைத்தியமா என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள். அந்த அக்கா பொறுமையாகத் திரும்பச் சொன்னாள். வெறும் தண்ணீர் கூடவே கூடாது. எதைக் குடித்தாலும் தோசை மாவு பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் குடிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலை குனிந்து நாடியை நெஞ்சில் முட்டவைத்து, ஒரு வாய் உறிஞ்சி, விழுங்கி, வெறும் வாயோடு இன்னொரு தரம் விழுங்கி, லேசாகச் செருமி, அப்புறம் 'ஆ' என்று சொல்லிக் காட்ட வேண்டும். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய். ஈரக் குரலாக இருந்தால் அதோடு நிறுத்த வேண்டும். அண்ணாந்தால் மூச்சுக்குழாயின் வாய் திறந்துகொள்ளும், ஆகவே இனி வாழ்நாளில் அண்ணாந்து குடிக்கவே கூடாது. இன்னொன்றும் சொன்னாள். புரையேறினால் இருமல் வரும் என்று நம்பி இருக்காதீர்கள், சிலருக்குத் தண்ணீர் நெஞ்சுக்குள் போனாலும் இருமலே வராது, அதுதான் ரொம்ப மோசம். அந்தக் கடைசிச் சொல்லை நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். கண்ணாடிக் கதவில் என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

புறப்படும்போது அவள் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்தாள். வெளிர் நீலம். விளிம்பில் ஒரு பக்கம் பிறைபோல வெட்டி எடுத்திருந்தது. டம்ளரைச் சாய்க்கும்போது விளிம்பு மூக்கில் இடித்தால் தலை தானாகப் பின்னால் போகும், மூக்குக்கு வழிவிட்டு வெட்டினால் தலை குனிந்தபடியே கடைசிச் சொட்டு வரை குடிக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் பார்ப்பதற்கு எலி கடித்த டம்ளர் மாதிரி இருந்தது. நெஞ்சில் சளி கட்டினால் மறுபடியும் குழாய்தான் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கார் ஏறினதும் மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குழா மட்டும் வேண்டாம்" என்றார்.

நீதிபதியே சட்டத்தை மாற்றிவிட்டாள். எங்கள் வீட்டில் முதல்முறையாக ஒருவர் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தார், அதுவும் உறிஞ்சும் சத்தத்தோடு. கேப்பைக் கூழ், குழைத்த சாதம், ஆஸ்பத்திரியில் கொடுத்த மாவைக் கலந்து பசைபோல ஆக்கிய தண்ணீர். அம்மா நாள் முழுக்க எதையாவது கடைந்துகொண்டே இருந்தாள். அம்மாவும் அப்பாவும் வேலையாக இருக்கும்போது மாமாவுக்குக் கூழ் கொடுப்பது என் பொறுப்பு. எனக்கு அதில் முதலில் பெருமைதான். "நாடி... முழுங்குங்க... இன்னொருக்க முழுங்குங்க... செருமுங்க... ஆ சொல்லுங்க" என்று டீச்சர்போல மிரட்டுவேன். மாமா ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு "ஆ" என்பார்.

வெளியாட்கள் வந்தால்தான் வினை. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, எலி கடித்த டம்ளரில் வாயை வைத்து, ஓரத்தில் வழிய வழிய, செருமிச் செருமி அவர் குடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் படிக்க ஆரம்பிப்பார்கள். ஒருநாள் என் வகுப்புத் தோழி ஒருத்தி வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பாவுக்குப் பெரிய பாத்திரக்கடை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏட்டி, உங்க மாமா வாய் வச்சா குடிக்காக?"

மறுநாள் அது வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. நான் அதை மறுத்தேன். அது வேறு யாரோ, தூரத்துச் சொந்தம், வைத்தியத்துக்கு வந்திருக்கிறார் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த முதல் நாள் அதுதான். அப்போதே வெட்கமாக இருந்தது. ஆனால் அது மாமாவை நினைத்து வந்த வெட்கம். என்னை நினைத்து வரவேண்டிய வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை.

ஆனி கடைசியில் குற்றாலத்துச் சீசன் நன்றாகக் களைகட்டியது. தென்காசியில் தெருவில் நின்றாலே முகத்தில் சாரல் அடிக்கும். ஆறு மாதமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிற மாமாவை ஐந்தருவிக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போய்வரலாம் என்று அப்பா சொன்னார். குளிக்க முடியாவிட்டாலும் அருவிச் சத்தத்தையாவது கேட்கட்டும். ஒரு வேன் பிடித்து, புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டி, மாமாவுக்குத் தனியாக ஃபிளாஸ்கில் கூழும் அந்த டம்ளரும் துண்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

ஐந்தருவியில் எள் விழ இடமில்லை. வேன் நிற்கிற இடத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெய் வாடையும் மங்குஸ்தான் கூடைகளும் குரங்குகளுமாக ஒரே இரைச்சல். வேனுக்கு எதிரே ஒரு மரத்தடியில் சிமெண்டுப் பெஞ்சு காலியாக இருந்தது. மாமாவை அதில் உட்காரவைத்தார்கள். எனக்கு ஜலதோஷம், அதனால் குளிக்கக் கூடாது என்று உத்தரவு. அப்பாவும் என் தம்பியும் ஆண்கள் பக்கம் போனார்கள், அம்மா பெண்கள் பக்கம் போனாள். போவதற்குமுன் பையை என் மடியில் வைத்தாள்.

"பதினோரு மணிக்குக் கூழக் குடு. நாடி நெஞ்சுல முட்டணும், பாத்துக்கோ. வேற எதையும் வாயில வச்சிராத."

நான் தலையாட்டினேன். மாமா அருவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சாரல் அவர் மீசையில் பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் நன்றாக இருந்தது என்று எனக்கு ஞாபகம்.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாத்திரக்கடைக்காரர் குடும்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். முன்னால் என் தோழி, பின்னால் அவள் அம்மா, அதற்குப் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு பெண்கள். பிளாஸ்டிக் டம்ளர் பைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓடி, வேனின் திறந்திருந்த கதவு வழியாகப் பையை சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிஷத்தில் அவர்கள் போய்விடுவார்கள், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அவர்களோ பெஞ்சில் இடம் இருப்பதைப் பார்த்து எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். வேன் டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, அருவிக்குக் குளிக்கப் போனார்.

அந்த அம்மாள் நல்ல மனுஷி. மாமாவை அடையாளம் கண்டுகொண்டாள். "கண்டக்டர் அண்ணாச்சிதானே, எத்தன நாளு உங்க பஸ்ல வந்திருக்கேன்" என்று சந்தோஷமாக விசாரித்தாள். தூரத்துச் சொந்தம் என்ற என் கதை அத்தோடு கவிழ்ந்தது. தோழி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்த நேரத்தில் மாமா என் கையைத் தொட்டு, வாயைக் காட்டி, மணி ஆகிவிட்டது என்று சைகை செய்தார். நான் அசையவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி தொட்டார். அவருக்கு நாக்கு வறண்டிருக்கும். ஒரு மடக்குத் தண்ணீரைக்கூட ஆசைக்குக் குடிக்க முடியாதவர்களுக்கு வாய் எப்போதும் வறண்டே இருக்கும் என்பது இப்போது தெரிகிறது.

"அண்ணாச்சிக்கு தண்ணி தவிக்கு போல" என்று அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு செம்பை எடுத்தாள். கடைச் செம்பு. முகம் தெரியும்படி பளபளத்தது. நிறையத் தண்ணீர் ஊற்றி மாமாவின் இடக்கையில் கொடுத்தாள்.

தண்ணீர் குடிக்கக் கூடாது. நான் சொல்ல வேண்டியிருந்தது இந்த மூன்று சொற்கள்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்புறம் கூழ், துண்டு, எலி கடித்த டம்ளர், செருமல், எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். மூன்று சொல் என் தொண்டையில் நின்றது. என் தொண்டைக்கு ஒரு வியாதியும் கிடையாது.

மாமா செம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து, படித்த பாடத்தை மறக்காமல் முதுகை நிமிர்த்தி, நாடியை நெஞ்சில் முட்டவைத்து, செம்பின் விளிம்பை மெதுவாக உதட்டுக்குக் கொண்டுபோனார். உதட்டை நனைத்துக்கொள்ள மட்டும்தான் நினைத்தாரோ என்னவோ. அடுத்தவர் வீட்டுச் செம்பு. தோழி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர் காதோரம் குனிந்தேன்.

"வாய் வைக்காதீங்க மாமா. அண்ணாந்து குடிங்க."

மாமாவின் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார், பிறகு தோழியின் முகத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் குழம்பிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, இடக்கையை உயர்த்தி, பழைய கண்டக்டர்போலத் தண்ணீரை இறக்கினார். ஐந்தாறு மடக்கு இருக்கும். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. இருமவும் இல்லை.

எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமாவுக்குச் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அந்த அக்கா அனாவசியமாகப் பயமுறுத்தியிருக்கிறாள், ஒரு இருமல்கூட இல்லையே. தோழியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் அம்மா செம்பை வாங்கிக்கொண்டு, இந்த நிலைமையிலும் எவ்வளவு சுத்தமாகக் குடிக்கிறார் பார் என்று மகளிடம் சொன்னாள். அப்போது மாமா, யாரும் கேட்காமலே, என்னைப் பார்த்து "ஆ" என்றார். அடுப்பில் கூழ் கொதிக்கிற மாதிரி கொளகொளவென்று வந்தது அந்தச் சத்தம். ஈரக் குரல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆறு மாதமாக நான்தானே அந்தக் குரலுக்கு வாத்தியார். நான் சட்டென்று எழுந்து, குரங்கு குரங்கு என்று எதையோ காட்டிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவர்கள் போய்விட்டார்கள். டிரைவரும் வந்து வேனைத் திறந்துவிட்டிருந்தார். கூழ் குடித்தாரா என்று அம்மா கேட்டாள். குடித்துவிட்டார் என்றேன். மாமாவும் தலையை ஆட்டினார். பாதி ஃபிளாஸ்க் கூழை நான் ஏற்கெனவே மரத்துக்குப் பின்னால் ஊற்றியிருந்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. சாரல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், அப்பாவை எல்லாரும் திட்டினார்கள். நான்காம் நாள் மூச்சு இரைத்தது. மறுபடி பாளையங்கோட்டை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்த இடத்தைக் காட்டினார். இது சாரலில் வந்ததில்லை, எதுவோ உள்ளே இறங்கியிருக்கிறது, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மா ஒவ்வொரு வேளையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சந்தேகம் வந்தது. பருப்பைச் சரியாகக் கடையவில்லையோ, கூழ் இளகிவிட்டதோ, தயிரில் தண்ணீர் விட்டிருந்ததோ என்று தன்மேலேயே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு அழுதாள். அப்பாவும், நீ இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்றார். நான் குளுக்கோஸ் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பேச எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த நாகர்கோவில் அக்கா வந்தாள். யாரையும் கேட்காமல் மாமாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டாள். மாமா ஆக்சிஜன் முகமூடியை நல்ல கையால் விலக்கினார்.

"நாந்தான். குத்தாலத்துல. செம்பத் தூக்கி... அண்ணாந்து."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ அங்கனதான இருந்தே? நீ சொல்லலியாட்டி?"

"சொன்னேன். மாமா கேக்கல" என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார்.

"ஆமா. பிள்ள சொல்லிச்சு" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மா அவரை அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. அண்ணன் என்றும் பார்க்கவில்லை, நோயாளி என்றும் பார்க்கவில்லை. "ஒரு செம்புத் தண்ணிக்கா உசிரக் குடுக்கப் பாத்திய? ஆறு மாசமா நான் யாருக்குக் கூழ் காச்சுதேன்?" என்று கேட்டுவிட்டு வெளியே போனவள் நாலு நாள் அவரோடு பேசவில்லை. அன்று மாலையே மூக்கில் குழாயைப் போட்டார்கள். போடும்போது விழுங்குங்கள், விழுங்குங்கள் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தது வராந்தா வரை கேட்டது. நான் உள்ளே போனபோது அவர் இடக்கை கட்டிலோடு கட்டப்பட்டிருந்தது.

நான் எனக்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். மூளையில் அடைப்பு வந்தவர், என் தம்பியைச் சில நேரம் செத்துப்போன யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், அவருக்கு எது நடந்தது என்று எப்படி ஞாபகம் இருக்கும்? தானேதான் குடித்தோம் என்று நிஜமாகவே நினைத்துவிட்டார். எனக்கு எவ்வளவு அதிர்ஷ்டம். அப்படித்தான் நினைத்தேன். அப்பா என்னை கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு செட் பூரி சாப்பிட்டேன். நன்றாகவே இறங்கியது.

குழாய் நாலரை மாதம் இருந்தது. மறுபடி பயிற்சி, மறுபடி கூழ், மறுபடி அந்த டம்ளர். அதற்குப் பிறகு மாமா மூன்று வருஷம் இருந்தார். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை, என்னிடம் முகம் கோணியதில்லை, நான் "ஆ சொல்லுங்க" என்றால் பழையபடி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னார். அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம், எங்க அண்ணனுக்கு வாயைக் கட்ட முடியவில்லை, ஒரு செம்புத் தண்ணீர் ஆசையில் நாலரை மாதம் குழாயோடு கிடந்தார் என்று சொல்கிறாள். நான் பக்கத்தில் இருந்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். கோழைகளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

அந்த மூன்று வருஷமும் பாத்திரக்கடைத் தோழியும் மற்றவர்களும் சனிக்கிழமைகளில் படிக்க எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மாமாவின் கட்டில் முன்னறையில்தான் இருந்தது. பதினோரு மணிக்கு அம்மா கூழைக் கொண்டுவந்து நீட்டினால் மாமா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுவார். இரண்டு மணி நேரமானாலும் ஒரு வாய் குடிக்க மாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பினதும் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டுவார், அடுத்தடுத்து இரண்டு டம்ளர் குடிப்பார். என் சிநேகிதிகள் இருக்கும்போது மாமாவுக்குத் தாகம் எடுப்பதில்லை என்றுதான் அன்றைக்கெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.